ஓரத் தடம் இல்லாத மோட்டார்வேயில் வண்டி பழுதானால்: ஆரஞ்சு நிற ஒதுங்குமிடம் பற்றி ஓர் எளிய விளக்கம்

இங்கிலாந்தின் 'ஸ்மார்ட் மோட்டார்வே' (மின்பலகை, கேமரா கொண்டு போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் விரைவுச் சாலை) பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கருத்துகள்தான் பெரும்பாலும் காதில் விழும். ஒன்று, "அதில் வண்டி நின்றால் அவ்வளவுதான், உயிர் தப்பாது." இன்னொன்று, "ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் இடம் விட்டிருக்கிறார்களே, அங்கே நிறுத்திவிட்டு, சரியானதும் கிளம்பிப் போகலாம்."

இரண்டுமே அரைகுறை. முதல் கருத்து, வண்டி கோளாறு காட்டும் நேரத்தில் ஓட்டுபவரைப் பதற வைக்கிறது. எனக்கு அதிகக் கவலை தருவது இரண்டாவதுதான். அந்த ஆரஞ்சு இடத்துக்குள் நுழைவது எளிது. அங்கிருந்து வெளியே வருவதில்தான் ஆபத்து இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இதைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. இந்திய அல்லது இலங்கை ஓட்டுநர் உரிமத்தோடு பிரிட்டனில் குடியேறுபவர், பொதுவாக 12 மாதம் வரை அதை வைத்தே கார் ஓட்டலாம். அங்கும் இடப்பக்க ஓட்டம்தான் என்பதால் கை சீக்கிரம் பழகிவிடும். அந்நாட்டின் தேர்வு எதையும் எழுதாமலே ஒருவர் லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 மோட்டார்வேயில் குடும்பத்தோடு போய்க்கொண்டிருக்க முடியும். ஸ்டியரிங் பழகிய அளவுக்கு விதிகள் பழகியிருக்காது.

ஓரத் தடம் எப்படிப் போனது?

மோட்டார்வே என்பது சிக்னல், சைக்கிள், பாதசாரி எதுவும் இல்லாத விரைவுச் சாலை. கார்களுக்கு உச்ச வேகம் மணிக்கு 70 மைல், அதாவது சுமார் 112 கி.மீ. வழக்கமான மோட்டார்வேயில் ஓடும் தடங்களுக்கு இடப்புறம், வெள்ளைக் கோட்டுக்கு அப்பால், நீளம் முழுக்க ஒரு காலித் தடம் இருக்கும். 'ஹார்ட் ஷோல்டர்' என்பது அதுதான். இந்தக் கட்டுரையில் ஓரத் தடம் என்று சொல்கிறேன். பழுதான வண்டி ஒதுங்கவும், ஆம்புலன்ஸ் போகவும் அது.

நெரிசல் கூடியபோது சாலையை அகலப்படுத்த நிலமும் பணமும் நிறையத் தேவைப்பட்டன. காலியாகக் கிடக்கும் ஓரத் தடத்தையே ஓடும் தடமாக்கினால் என்ன என்ற யோசனை அப்படித்தான் வந்தது. 2006-இல் பர்மிங்காம் அருகே எம்42-இல் சோதனை தொடங்கியது. அங்கே நெரிசல் நேரத்தில் மட்டும் ஓரத் தடத்தைத் திறந்தார்கள். 2014-இல் எம்25-இன் சில பகுதிகளில் ஒரு படி மேலே போய், ஓரத் தடத்தை நிரந்தரமாகவே ஓடும் தடமாக மாற்றினார்கள். எல்லாத் தடமும் எல்லா நேரமும் ஓடும் இந்த வகைதான் இன்றைய சர்ச்சைக்கெல்லாம் காரணம்.

ஸ்மார்ட் மோட்டார்வே எல்லாமே இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேக வரம்பை மின்பலகையில் மாற்றிக்கொண்டே இருக்கும், ஆனால் ஓரத் தடம் அப்படியே உள்ள வகையும் உண்டு. புதிய ஸ்மார்ட் மோட்டார்வே திட்டங்களை 2023 ஏப்ரலில் பிரிட்டன் அரசு கைவிட்டது. ஏற்கெனவே கட்டியவை அப்படியேதான் இருக்கின்றன. எம்1, எம்4, எம்6, எம்25 என்று நம்மவர்கள் அதிகம் போகும் சாலைகளில் நீண்ட பகுதிகள் இப்போதும் ஓரத் தடம் இல்லாதவை.

சுருக்கமாக: நீளம் முழுக்க இருந்த காலித் தடம் இந்தப் பகுதிகளில் வண்டிகள் ஓடும் தடமாகிவிட்டது. அதற்கு ஈடாக, இடைவெளி விட்டுச் சில ஒதுங்குமிடங்களை அமைத்தார்கள். அவைதான் 'அவசர நிறுத்தப் பகுதி'கள், மேலே சொன்ன ஆரஞ்சு இடங்கள்.

மலைப்படியும் மண்டபமும்

பழனி மலைப்படியில் ஏறியவர்களுக்கு அந்த ஒதுங்குமிடத்தை எளிதாகப் புரியவைக்கலாம். கூட்ட நாளில் படி முழுக்க ஆட்கள் ஏறிக்கொண்டிருப்பார்கள். மூச்சு வாங்கினால் நடுப்படியில் உட்கார முடியாது, பின்னால் வருபவர் இடறி விழுவார். ஆங்காங்கே பக்கத்தில் மண்டபம் இருக்கும், அதுவரை சமாளித்து ஏறிப் போய் ஒதுங்க வேண்டும். ஓரத் தடம் என்பது படியின் ஓரம் முழுக்கத் திண்ணை கட்டி வைத்தது போல. அவசர நிறுத்தப் பகுதி என்பது மண்டபம் போல.

இந்த ஒப்புமை ஓர் இடத்தில் உடைகிறது. மண்டபத்தில் உட்கார்ந்தவர் எழுந்து, கொஞ்சம் இடம் கிடைத்ததும் கூட்டத்தோடு கலந்துவிடலாம். அவரும் நடக்கிறார், கூட்டமும் நடக்கிறது. மோட்டார்வேயில் நீங்கள் நின்ற இடத்திலிருந்து கிளம்புகிறீர்கள், பக்கத்தில் லாரிகள் நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கின்றன.

எப்படி அடையாளம் காண்பது?

அவசர நிறுத்தப் பகுதி என்பது இடது தடத்துக்கும் அப்பால், சாலையை விட்டு விலகி அமைத்த ஒரு நீள்வடிவ இடம். மொத்த நீளம் சுமார் 100 மீட்டர். தரை பெரும்பாலும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அதற்கு முன்பே நீலப் பலகை வரும், அதில் ஆரஞ்சு நிறத்தில் தொலைபேசிப் படமும் எஸ்ஓஎஸ் என்ற எழுத்துகளும் இருக்கும். உள்ளே ஓர் அவசரத் தொலைபேசி இருக்கும்.

எவ்வளவு தூரத்துக்கு ஒன்று? தொடக்கத்தில் இரண்டுக்கும் நடுவே 2.5 கி.மீ. வரை இடைவெளி விட்டார்கள். மணிக்கு 60 மைல் வேகத்தில் போனால்கூட அதைக் கடக்க ஒன்றரை நிமிடம் ஆகும். எஞ்சின் செத்துக்கொண்டிருக்கும் வண்டிக்கு அது மிக நீண்ட நேரம். அந்த இடைவெளி தவறு என்றுதான் நான் நினைக்கிறேன். 2020-இல் அரசு நடத்திய ஆய்வுக்குப் பிறகு, புதிதாக அமைக்கும்போது அதிகபட்சம் 1 மைல், முடிந்தால் முக்கால் மைல் என்று குறைத்தார்கள். ஏற்கெனவே இருந்த சாலைகளில் 150-க்கும் மேற்பட்ட கூடுதல் இடங்கள் கட்டப்படும் என்று 2022 தொடக்கத்தில் அறிவித்தார்கள்.

அந்த 2020 ஆய்வில் நேர்மையான ஒரு முடிவு இருந்தது. ஓரத் தடம் இல்லாத சாலையில், ஓடும் வண்டிகள் ஒன்றோடொன்று மோதும் ஆபத்து குறைகிறது. ஓடும் வண்டி நின்ற வண்டியில் மோதும் ஆபத்து கூடுகிறது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் முழு உண்மை. நமக்கு வேண்டியது அந்த இரண்டாவது ஆபத்திலிருந்து தப்பும் வழி.

எப்போது அதற்குள் போகலாம்?

பெயரிலேயே இருக்கிறது, அவசரத்துக்கு மட்டும்தான். வண்டிக் கோளாறு, டயர் வெடிப்பு, எஞ்சினில் புகை, கூட வருபவருக்குத் திடீர் உடல்நலக் கேடு போன்றவை அவசரம். போனில் பேசுவது, வழி பார்ப்பது, தூக்கம் வருவது, பிள்ளைக்குப் பசிப்பது அவசரம் ஆகாது. இவற்றுக்கெல்லாம் அடுத்த சர்வீஸ் நிலையம் (மோட்டார்வே ஓரத்தில் சாப்பிடவும் ஓய்வெடுக்கவும் உள்ள இடம்) இருக்கிறது. நீங்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு அங்கே நிற்கும்போது, பிரேக் பிடிக்காத வண்டி ஒன்று அதே இடத்தை நம்பி வரக்கூடும். அந்த இடத்தில் அதிக வண்டிகள் கொள்ளாது.

கோளாறு தெரிந்த உடனே முதலில் பார்க்க வேண்டியது, மோட்டார்வேயை விட்டே வெளியேற முடியுமா என்பதை. அடுத்த இறக்கம் (மோட்டார்வேயிலிருந்து வெளியேறும் வழி), அல்லது சர்வீஸ் நிலையம். முடியாது என்றால்தான் அவசர நிறுத்தப் பகுதி. இடது தடத்துக்கு மாறுங்கள். ஹசார்டு விளக்கைப் போடுங்கள், அதாவது நான்கு இண்டிகேட்டரும் ஒன்றாக மின்னும் விளக்கு. வண்டி ஓடும்வரை ஓட்டுங்கள். டயர் காற்றுப் போயிருந்தால் வீல் நசுங்கிவிடுமே என்று நடுவழியில் நிறுத்தத் தோன்றும். ஸ்டியரிங் கட்டுப்பாட்டில் இருக்கும்வரை மெதுவாக ஓட்டிப் போய் ஒதுங்கிவிடுங்கள். வீலை மாற்றிக்கொள்ளலாம்.

உள்ளே வந்த பிறகு

இடப்பக்கம் எவ்வளவு ஒட்ட முடியுமோ அவ்வளவு ஒட்டி நிறுத்துங்கள். தொலைபேசி இருக்கும் பக்கமாக முன்னால் போய் நிற்பது நல்லது, பின்னால் வருபவருக்கும் இடம் வேண்டும். ஹசார்டு விளக்கு எரியட்டும். இருட்டாகவோ மூடுபனியாகவோ இருந்தால் பக்க விளக்குகளும்.

இறங்குவது இடப்பக்கக் கதவு வழியாக மட்டும்தான். ஓட்டுநரும் அப்படித்தான், இருக்கை தாண்டி நகர்ந்து வந்து இறங்க வேண்டும். வலது கதவைத் திறந்தால் நீங்கள் காலை வைப்பது லாரி போகும் பக்கம். எல்லோரும் தடுப்பு வேலிக்கு அப்பால் போய் நிற்க வேண்டும், வண்டியைவிட்டுத் தள்ளி. வண்டிக்கு முன்பக்கமாக நிற்காதீர்கள். பின்னாலிருந்து ஏதாவது வந்து மோதினால் உங்கள் கார் தள்ளப்படுவது முன்பக்கமாகத்தான். நாய், பூனை இருந்தால் பொதுவாக வண்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

இங்கே நம் வீடுகளில் நடக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருப்பார்கள். வெளியே குளிர், மழை. "அவங்க கார்லயே உட்காரட்டும், பாவம்" என்று பாசத்தில் சொல்லிவிடுவோம். வேண்டாம். நடக்க முடிந்தவர் எல்லோரும் இறங்கித்தான் ஆக வேண்டும். நின்ற கார் ஒரு கூரை போலத் தோன்றும், ஆனால் மோதல் நடந்தால் அடி விழுவது அதன் மேல்தான். குளிர்காலத்தில் கோட்டையும் போர்வையையும் டிக்கியில் புதைத்து வைக்காமல் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உடல்நிலை காரணமாக இறங்கவே முடியாதவர் இருந்தால், அவர் சீட் பெல்ட்டைப் போட்டபடி இருக்கட்டும், உடனே 999 என்ற அவசர உதவி எண்ணை அழையுங்கள்.

வண்டியை நீங்களே சரிசெய்ய முயலக் கூடாது, ஸ்டெப்னி மாற்றுவதுகூடக் கூடாது. எச்சரிக்கை முக்கோணமும் வைக்கக் கூடாது. நம் ஊர் நெடுஞ்சாலையில் லாரி நின்றால் பின்னால் மரக்கிளையும் கல்லும் வைப்பார்கள், அந்தப் பழக்கத்தில் முக்கோணத்தைத் தூக்கிக்கொண்டு சாலையில் பின்னோக்கி நடக்கத் தோன்றும். மோட்டார்வேயில் அப்படி நடப்பதுதான் உயிருக்கு ஆபத்து.

அடுத்தது தொலைபேசி. ஆரஞ்சுப் பெட்டியில் இருக்கும் அவசரத் தொலைபேசி இலவசம். அது நேராக நேஷனல் ஹைவேஸ் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். இங்கிலாந்தின் மோட்டார்வேகளைப் பராமரிக்கும் அரசு நிறுவனம் அது. அதில் பேசினால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும். அதைப் பயன்படுத்த முடியாவிட்டால் கைபேசியில் 0300 123 5000. பேசும்போது வண்டிகள் வரும் திசையைப் பார்த்து நில்லுங்கள். பழுது நீக்கும் நிறுவனத்தை அதன் பிறகு கூப்பிடலாம்.

கைபேசியில் அழைத்தால் இடம் சொல்ல வேண்டியிருக்கும். சாலையோரத்தில் நீல நிறச் சிறு பலகைகள் வரிசையாக வரும். சாலையின் பெயர், ஓர் ஆங்கில எழுத்து, ஓர் எண் என்று மூன்று வரி. அதைப் படித்துச் சொன்னால் போதும், எந்தத் திசையில் போகும் பக்கம் என்பதுகூட அந்த எழுத்திலேயே இருக்கிறது.

சுருக்கமாக: இடப்பக்கம் ஒட்டி நிறுத்தி, இடது கதவு வழியாக இறங்கி, வேலிக்கு அப்பால் போய், கட்டுப்பாட்டு அறையோடு பேச வேண்டும். வண்டியை யாரும் தொட வேண்டாம்.

வெளியே வருவதுதான் கடினம்

வண்டி சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எச்சரிக்கை விளக்கு அணைந்துவிட்டது, அல்லது மெக்கானிக் வந்து முடித்துவிட்டார். இப்போது என்ன செய்வீர்கள்? கண்ணாடியைப் பார்த்து, இடைவெளி கிடைத்ததும் ஒரே அழுத்து அழுத்தி உள்ளே போய்விடலாம் என்றுதான் அநேகமாக எல்லோரும் சொல்வார்கள்.

ஓரத் தடம் இருந்த சாலையில் அது சரிதான். ஓரத் தடத்திலேயே நீளமாக ஓடி, வேகத்தைக் கூட்டி, பிறகு இடது தடத்தில் கலக்கலாம். அந்தக் காலித் தடம் ஒதுங்குவதற்கு மட்டுமல்ல, வேகம் எடுப்பதற்கும் பயன்பட்டது. அது போனபோது இந்த ஓடுபாதையும் சேர்ந்தே போய்விட்டது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிற்கும் நிலையிலிருந்து 10 நொடியில் மணிக்கு 60 மைல் எட்டும் சாதாரணக் காருக்கு, அந்த வேகம் வருவதற்குள் சுமார் 130 மீட்டர் ஓட வேண்டும். அவசர நிறுத்தப் பகுதியின் மொத்த நீளமே சுமார் 100 மீட்டர். நீங்கள் நிற்பது அதன் நடுப்பகுதியில். முன்னால் 50 மீட்டர் இருக்கிறது என்று வையுங்கள். அதை முழுக்க ஓடி முடிக்கும்போது கார் 37 மைல் வேகத்தைத்தான் தொட்டிருக்கும், 6 நொடி கடந்திருக்கும்.

இடது தடத்தில் கனரக லாரிகள் வருகின்றன. வேகக் கட்டுப்படுத்தி பூட்டியிருப்பதால் அவற்றின் வேகம் சுமார் 56 மைல், நொடிக்கு 25 மீட்டர். நீங்கள் கிளம்பிய 6 நொடியில் அந்த லாரி 150 மீட்டர் வந்திருக்கும். கிளம்பும்போது கண்ணாடியில் தூரத்தில் தெரிந்த அதே லாரி இப்போது உங்கள் பின்னால், உங்களைவிட 19 மைல் கூடுதல் வேகத்தில். காரில் ஐந்து பேரும் பெட்டிகளும் இருந்தால், சாலை மேடாக இருந்தால், கணக்கு இன்னும் மோசமாகும். எஞ்சின் கோளாறு முழுதாகத் தீராமல் பாதியில் திணறினால் அதை நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

அதனால்தான் பிரிட்டனின் சாலை விதிநூலான ஹைவே கோடு, இங்கிருந்து கிளம்பும் முன்பும் அவசரத் தொலைபேசியில் பேசச் சொல்கிறது. நிறுத்தியபோது ஒருமுறை, கிளம்பும்போது இன்னொருமுறை. இந்த இரண்டாவது அழைப்பைப் பலர் அறிந்ததே இல்லை. நான் இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

அந்த அழைப்பு வந்ததும் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் கேமராவில் உங்களைப் பார்க்கலாம். தேவைப்பட்டால், சாலைக்கு மேலே உள்ள மின்பலகைகளில் வேக வரம்பைக் குறைப்பார், இடது தடத்தை மூடுவார். வண்டிகள் மற்ற தடங்களுக்கு நகர, உங்களுக்கு முன்னால் காலித் தடம் உருவாகும். போன ஓடுபாதையைச் சில நிமிடங்களுக்கு அவர்கள் உங்களுக்காகத் திரும்ப உண்டாக்கித் தருகிறார்கள். அவர்கள் சொல்லும்வரை காத்திருங்கள். பெரிய வண்டி ஓட்டுபவர்களுக்கும் கேரவன் இழுத்துப் போகிறவர்களுக்கும் இது இன்னும் முக்கியம்.

சுருக்கமாக: உள்ளே வருவது உங்கள் முடிவு. வெளியே போவது கட்டுப்பாட்டு அறையோடு பேசி எடுக்கும் முடிவு, ஏனென்றால் வேகம் எடுக்க இடம் போதாது.

அதுவரை போய்ச் சேரவே முடியாவிட்டால்?

எல்லோரும் அஞ்சும் நிலை இது. வண்டி ஓடும் தடத்திலேயே நின்றுவிடுகிறது. முதலில் ஹசார்டு விளக்கு. இடது தடத்தில், இடப்பக்க ஓரத்தை ஒட்டி நின்றிருந்தால், இறங்குவது பாதுகாப்பு என்று தெரிந்தால், இடது கதவு வழியாக இறங்கி வேலிக்கு அப்பால் போய் 999-ஐ அழையுங்கள். நடுத் தடத்திலோ வலது தடத்திலோ நின்றிருந்தால், அல்லது இறங்க முடியாதென்றால், சீட் பெல்ட்டைப் போட்டபடியே உள்ளே இருந்து 999-ஐ அழையுங்கள். பல புதிய கார்களில் எஸ்ஓஎஸ் பொத்தான் இருக்கிறது, அதையும் அழுத்தலாம். ஓடும் தடங்களை நடந்து கடக்கக் கூடாது.

"ரேடார் இருக்கிறது, அதுவே கண்டுபிடித்துவிடும்" என்று நம்பிச் சும்மா இருக்காதீர்கள். நின்ற வண்டியைக் கண்டறியும் ரேடார் அமைப்பை, எல்லாத் தடமும் ஓடும் ஸ்மார்ட் மோட்டார்வேகள் முழுவதிலும் 2022 செப்டம்பருக்குள் பொருத்தி முடித்தார்கள். ஆனால் அது எதிர்பார்த்த தரத்தை எட்டவில்லை என்று அதே ஆண்டு டிசம்பரில் அரசின் கண்காணிப்பு அமைப்பே சொன்னது. அழைப்பது உங்கள் வேலை.

இன்னொரு நிலையும் உண்டு, லேசான மோதல். 2019-இல் ஷெஃபீல்டு அருகே எம்1-இல் இரண்டு வண்டிகள் லேசாக உரசிக்கொண்டன. ஓட்டுநர்கள் இருவரும் இடது தடத்திலேயே நிறுத்தி, விவரங்களைப் பரிமாறிக்கொள்ள இறங்கினார்கள். பின்னால் வந்த லாரி மோதியதில் இருவரும் இறந்தார்கள். ஊரில் இடித்துவிட்டால் உடனே இறங்கிப் பேசுவதுதான் வழக்கம், அதுதான் மரியாதை என்றும் நினைப்போம். மோட்டார்வேயில் வண்டி நகரும் நிலையில் இருந்தால் இரண்டு பேரும் அடுத்த ஒதுங்குமிடத்துக்கோ இறக்கத்துக்கோ போய்ப் பேசிக்கொள்ளலாம்.

சிவப்புப் பெருக்கல் குறி

நீங்கள் அழைத்த பிறகு உங்களைக் காப்பது சாலைக்கு மேலே, உங்கள் தடத்துக்கு நேராக எரியும் சிவப்பு எக்ஸ். அந்தத் தடம் மூடப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். பிறர் அதை மதித்தால்தான் நீங்கள் பிழைப்பீர்கள். வேறொரு நாள் நீங்கள்தான் அந்தப் பிறர்.

மூடிய தடம் வெறுமையாகத்தான் தெரியும். "ஒன்றுமே இல்லையே, எதற்கு மூடியிருக்கிறார்கள்" என்று தோன்றும். தடையை நீங்கள் பார்ப்பதற்கு வெகு முன்பே குறியைப் போட்டால்தான் அதற்குப் பயன். மணிக்கு 70 மைல் வேகத்தில் போகும் காரை முழுக்க நிறுத்த 96 மீட்டர் வேண்டும் என்கிறது ஹைவே கோடு. வளைவுக்கு அப்பால் இருட்டில் நிற்கும் காரைக் கண்ணால் கண்ட பிறகு அந்தத் தூரம் உங்களிடம் மிஞ்சாமல் போகலாம். சிவப்பு எக்ஸை மீறி ஓட்டினால் 100 பவுண்டு அபராதமும் உரிமத்தில் 3 தண்டப் புள்ளியும் விழும், 2019 முதல் கேமராவே பிடித்துவிடும்.

குறியைக் கண்டதும் பக்கத்துத் தடத்துக்கு மாறுங்கள். தடை எதுவும் கண்ணில் படவில்லை என்று உடனே பழைய தடத்துக்குத் திரும்ப வேண்டாம். அந்தத் தடம் திறந்துவிட்டது என்று அடுத்து வரும் மின்பலகை காட்டும்வரை மாறிய தடத்திலேயே போங்கள்.